பன்னிரண்டு விரல் அலை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றிக் கொடுத்தார்களா, இல்லை இன்னும் அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துதான் கப்பல் வரைகிறாயா? நேற்று நீ போன் செய்ததாக என் வீட்டுக்காரி சொன்னாள். போனில் யார் பேசினாலும் எனக்குத் தண்ணீருக்குள்ளிருந்து கொட்டாவி விடுகிற மாதிரிதான் கேட்கிறது. இருபது வருடம் எஞ்சினை ஒட்டி உட்கார்ந்ததற்குக் காது கொடுத்த கூலி. கடிதமென்றால் இரண்டு தடவை படித்துக்கொள்வேன்.

விஷயம் நம் வாலுவைப் பற்றியது. என் பெண் அலைச்சறுக்கு என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். படகு மெதுவாகப் போகும்போது பின்னால் ஓர் அலை எழும் அல்லவா? கயிற்றைப் பிடித்தபடி பலகையில் எழுந்து நிற்க வேண்டும். பிறகு கயிற்றைப் படகுக்குள் எறிந்துவிட்டு, அலை தள்ளுகிற தள்ளில் மட்டுமே நிற்க வேண்டும். ஜூன் 14-ஆம் தேதி விளையாட்டுப் பயிற்சி மையத்திலிருந்து ஒரு தேர்வாளர் நம் ஏரிக்கு வருகிறார். கயிறில்லாமல் ஒரு நிமிடம் நின்றால் எடுத்துக்கொள்வார்கள். தங்குமிடம், படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆகஸ்டில் இவளுக்கு இருபது முடிகிறது. அதன் பிறகு சேர்க்க மாட்டார்களாம். ஆக, இந்த ஒரு தடவைதான்.

பிரச்சினை நான் சவாரி ஓட்டுகிற இந்தப் படகு. அலை எழுகிறது, உடனே நுரைத்து உட்கார்ந்துவிடுகிறது. இதற்கென்றே செய்த படகை வாங்க நான் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். கையைக் கடிக்காமல் ஏதாவது வழி இருக்கிறதா? கப்பலுக்கு வரைபடம் போடுகிற உனக்குப் படகு தெரியாதா என்ன!

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
தம்பி

ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். முதுகு பரவாயில்லை. நாற்காலி அப்படியேதான் ஆடுகிறது. நீ காது மருத்துவரிடம் போனாயா என்று நான் கேட்பதும், போகிறேன் என்று நீ எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. இந்தத் தடவை பொய்க்குச் செலவாகும் மையையாவது மிச்சம் பிடி.

முதலில் ஒன்று. உன் படகில் எஞ்சின் நடுவில் இருக்கிறது, தண்ணீரைத் தள்ளுகிற விசிறி படகுக்கு அடியில், அவளுக்கு எட்டாமல் சுழல்கிறது. அதனால்தான் இந்த விளையாட்டுக்கே சம்மதிக்கிறேன். பின்னால் தொங்குகிற எஞ்சினாக இருந்தால் குழந்தையைக் கிட்டேயே விடாதே என்று எழுதியிருப்பேன். புகை அவள் முகத்தில் அடிக்கிறதா என்று பார்த்துக்கொள்.

அலை என்பது படகு தள்ளிவிடுகிற தண்ணீர்தான். படகு கனத்தால் அலை கனக்கும். அதற்கென்று விற்கிற தண்ணீர்ப் பைகள் நமக்கு வேண்டாம். மூடியுள்ள பழைய பிளாஸ்டிக் பீப்பாய்களில் ஏரித் தண்ணீரையே நிரப்பு. வாலு இடது பக்க அலையில் நிற்பதால் பாதிக்கு மேல் இடது பின்மூலையில் வை. வலது பக்கம் பின்னோரத்தில், தண்ணீரில் நிற்கும்படி ஒரு சின்னப் பலகையை ஒட்டு. கண்ணாடிக் கடைக்காரர்கள் கண்ணாடியைத் தூக்குவார்களே, அந்த ரப்பர் கிண்ணம் இரண்டு போதும். நுரை குறைந்து அலை சுத்தமாகும். வேகம் மணிக்குப் பதினேழு கிலோமீட்டர்.

எதையும் கண்ணால் பார்த்து 'நல்லா இருக்கு' என்று எழுதாதே, அளந்து எழுது. இடது பின்மூலையில் ஓர் ஆள் உயரக் குச்சியை நிமிர்த்திக் கட்டு. கீழிருந்து மேலாக விரல் விரலாகக் கோடு போடு. உன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தால் அலையின் உச்சி எந்தக் கோட்டுக்கு நேராகத் தெரிகிறதோ அதுதான் கணக்கு. நான் சொன்னபடி செய். ஜூனுக்குள் அலை வராவிட்டால் என்னைக் கேள்.

பிரியமுள்ள,
அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். காது மருத்துவர் பற்றி இந்தத் தடவை ஒன்றும் எழுதவில்லை. மை மிச்சம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை, அக்கா! நான்கு பீப்பாய் வைத்தேன். குச்சி கட்டினேன். முதல் நாள் வெறும் படகில் மூன்றாவது கோட்டில் இருந்த அலை ஏழாவது கோட்டுக்கு வந்துவிட்டது. நான்கு விரல்! பலகையை ஒட்டியதும் நுரையும் அடங்கியது. பலகை வேறொன்றுமில்லை, சமையலறையில் காய் நறுக்குகிற பலகைதான். "இனிமே உங்கக்காவே வந்து நறுக்கிக் குடுக்கட்டும்" என்று என் வீட்டுக்காரி இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

வேகம் பதினேழு சரியாக நிற்கிறது. வாலு நேற்று கயிற்றை விட்டாள். இரண்டே விநாடி, அப்புறம் பயந்து பிடித்துக்கொண்டாள். கரைக்கு வந்ததும் "அப்பா, அது தள்ளுச்சுப்பா! கீழேருந்து யாரோ கை குடுத்த மாதிரி!" என்று நனைந்த உடம்போடு வந்து கட்டிக்கொண்டாள். அவள் என்னைக் கட்டிக்கொண்டு எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா?

இன்னும் எடை வைக்கலாமா?

தம்பி

பிப்ரவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "உங்க கப்பலைவிட உங்க தம்பி படகு வேகமா முடியும்போல" என்றார். நான் ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தேன். உள்ளே பெருமைதான்.

வைக்கலாம். குச்சி ஏறுகிற வரைக்கும் வை. குச்சி நின்றால் நீயும் நில். காய் நறுக்கும் பலகைக்காக உன் வீட்டுக்காரியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கயிற்றை எத்தனை விநாடி விடுகிறாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுது. வாலுவுக்கு முத்தம்.

அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே. எனக்குத் தோள் கொஞ்சம் பிடித்துக்கொண்டது, பீப்பாய் தூக்கியதில். மற்றபடி சுகம்.

இப்போது ஏழு பீப்பாய். அது போதாதென்று மனிதர்களையும் ஏற்றுகிறேன். படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிறவர் தினமும் பத்து மணிக்கு மூலையில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஆள் அப்படியொரு கனம். "என் வாழ்க்கையில முதல் தடவையா என் தொப்பைக்கு வேலை குடுத்தீங்க" என்கிறார். என் வீட்டுக்காரியும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் எடையை நான் எழுதினால் இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

குச்சி பதினொன்றாவது கோட்டில் நிற்கிறது! படகின் பின்பக்கம் தண்ணீர் தளும்புகிற அளவுக்கு அமிழ்ந்துவிட்டது. எஞ்சின் முக்கி முனகுகிறது. வேகம் பதினான்குக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. போகட்டும், அலைதானே முக்கியம்.

வாலு மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கிறாள். "முன்ன முழங்கால் வரைக்கும் வந்துச்சுப்பா, இப்ப அதுக்குக் கீழதான் இருக்கு" என்றாள். "உன் முழங்கால் வளைஞ்சு நிக்குது. குச்சி நேரா நிக்குது. எதை நம்பச் சொல்ற?" என்று கேட்டேன். பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பயிற்சியில் களைப்பு இருக்காதா?

நீ சொன்ன கணக்கு ஒரு விரல்கூடத் தப்பவில்லை. கரையில் எல்லோரிடமும் 'எங்கக்கா போட்ட கணக்கு' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். தோளுக்கு ஒத்தடம் கொடு. உன் கடிதம் நேற்று வந்தது.

இந்தத் தடவை நீளமாக எழுத நேரமில்லை. வேலை தலைக்கு மேல் இருக்கிறது. எஞ்சினைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பழைய எஞ்சின், பாவம். மூச்சு முட்ட வைக்காதே. இரண்டு மூன்று பீப்பாயை இறக்கிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பார். வேகம் மறுபடி பதினேழுக்கு வந்தால் எஞ்சினுக்கு நல்லது. குச்சியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வாலு சொல்வதையும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்.

அவள் கயிற்றை எத்தனை விநாடி விட்டாள் என்று நீ எழுதவே இல்லை.

அக்கா

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ சுகமா? உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இதுவரை வந்ததில்லை. வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி உன் மேலதிகாரிக்கு நான் வேண்டுமானால் எழுதட்டுமா?

நீ சொன்னாய் என்று மூன்று பீப்பாயை இறக்கினேன். சீட்டுக்காரரையும் அன்று கரையிலேயே விட்டேன். வேகம் பதினேழு வந்தது, நிஜம். ஆனால் குச்சி பதினொன்றிலிருந்து எட்டுக்கு இறங்கிவிட்டது! வாலு என்னவோ "இன்னைக்கு நல்லா இருந்துச்சுப்பா, இப்படியே விடுங்கப்பா" என்று கெஞ்சினாள். ஐந்து விநாடி விட்டாளாம். ஐந்து விநாடிக்காக மூன்று விரலை விட முடியுமா? மறுநாளே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். ஒரு பீப்பாய் அதிகமாகவே. இப்போது பன்னிரண்டு விரல். எஞ்சினைப் பற்றி நீ கவலைப்படாதே, ஜூன் 14 வரை தாங்கினால் போதும்.

கயிற்றை இப்போதெல்லாம் அவள் விடுவதில்லை. "தேர்வு அன்னைக்கு விடுறேன்" என்கிறாள். எனக்கு நீ ஒரு வரி எழுது அக்கா, எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று. அதை அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். நீ சொன்னால் அவள் நம்புவாள்.

தம்பி

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? முதுகா? பதினோரு நாள்தான் இருக்கிறது. ஒரு வரி போதும்.

தம்பி

ஜூன் 16

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை.

தேர்வு முடிந்தது. தேர்வாளர் நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. மூன்று தடவை வாய்ப்புக் கொடுத்தார். எட்டுப் பீப்பாயோடு சீட்டுக்காரரும் என் வீட்டுக்காரியும் மூலையில் இருந்தார்கள். குச்சி பன்னிரண்டு காட்டியது, என் கண்ணால் பார்த்தேன். முதல் தடவை கயிற்றை விட்டாள். மூன்று விநாடி. பலகை அப்படியே பின்தங்கி அமிழ்ந்தது. இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை அவள் கயிற்றை விடவேயில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

கரையில் தேர்வாளர் "அலை போதலையோ?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் குச்சியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். "அலை இருந்துச்சு சார், இவளுக்குத்தான் நிக்கத் தெரியல" என்று எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். "ஆமா சார், என்னாலதான் முடியல" என்றாள்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது. ஆனால் அலை இருந்தது அக்கா. ஐந்து மாதம் விரல் விரலாக ஏற்றிய அலை. நான் வேறென்ன சொல்வேன்?

தம்பி

ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அதைச் சொல்லவே கூசுகிறது.

இதை உட்கார்ந்து படி. குச்சி தவறு. நீ கட்டியது தவறில்லை, கட்டச் சொன்னது தவறு. குச்சி படகில் நிற்கிறது. நீயும் படகில் உட்கார்ந்திருக்கிறாய். எடை ஏற ஏறப் படகின் பின்பக்கம் அமிழ்கிறது. குச்சி இறங்குகிறது, உன் கண்ணும் இறங்குகிறது. அலை இருந்த இடத்திலேயே இருந்தாலும் குச்சியில் ஏறியதாகத்தான் தெரியும். நீ பெரும்பாலும் அளந்தது அலையை இல்லை, படகு எவ்வளவு அமிழ்ந்தது என்பதை.

அது மட்டுமில்லை. எடை அதிகமாகி வேகம் பதினான்குக்கு இறங்கியதும் அலை குட்டையாகிவிட்டது. பிப்ரவரியில் நான்கு பீப்பாயோடு எழுந்ததுதான் நல்ல அலை. அவள் முழங்காலை வைத்துச் சொன்னது அத்தனையும் உண்மை. அவளுக்கு நிற்கத் தெரியும். நிற்க அங்கே ஒன்றும் இல்லை.

அளவைக் கரையில் நட்ட கம்பத்தை வைத்து எடுக்க வேண்டும், அல்லது வேறொரு படகிலிருந்து பார்க்க வேண்டும். இது எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருவது. நான்தான் சொல்லித் தருகிறேன்.

இதை வாலுவுக்குப் படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல்.

அக்கா

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுதுவது பழக்கம், எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு தனியாகப் போய்க் குச்சியை அவிழ்த்தேன். பீப்பாய்களைக் கவிழ்த்தேன். உன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நீ தூரத்தில் இருந்தாய், பார்க்க முடியாது. நான் தினமும் அவள் முகத்தைப் பார்த்தேன். இறக்கு என்று கெஞ்சினாள், நான் குச்சியைப் பார்த்தேன்.

அவள் தன் சறுக்குப் பலகையை யாருக்கோ கொடுத்துவிட்டாள். அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிற திங்களன்று போகிறாள், அங்கேயே தங்கல். தன் காலை அவளே நம்புவதில்லை, அக்கா. மாடிப்படி இறங்கும்போதுகூடச் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி என்னோடு பேசுவதில்லை.

நேற்று அவளுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டாள். அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். "சரிப்பா" என்றாள், அவ்வளவுதான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அத்தைக்கு இது எப்போ தெரியும்?"

"இப்பதாம்மா, தேர்வு முடிஞ்சப்புறம் யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

நான் சொன்னது சரிதானே அக்கா? ஏப்ரலில் நீ எழுதிய அந்தச் சின்னக் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். அதனால் கேட்கிறேன்.

தம்பி

ஜூலை 17

என் கண்ணே வாலு,

அத்தை எழுதுவது. புது இடத்தில் சாப்பாடு, படுக்கை எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

நீ கேட்ட கேள்விக்கு உன் அப்பா சொன்ன பதில் அவனுக்குத் தெரிந்த பதில். எனக்கு ஏப்ரல் 18-ஆம் தேதி தெரியும். அவன் கடிதத்தில் 'குச்சி பதினொன்று' என்றும் 'படகு அமிழ்ந்துவிட்டது' என்றும் 'வேகம் பதினான்கு' என்றும் அடுத்தடுத்து எழுதியிருந்தான். நின்றபடிதான் படித்தேன். படித்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது.

அன்று உண்மையை எழுதினேன், ஒரு பக்கம். மறுநாள் அதைக் கிழித்துவிட்டு எஞ்சின் பாவம் என்று எழுதி அனுப்பினேன். அவன் நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்ததாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். கரையில் எல்லோரிடமும் 'எங்கக்கா போட்ட கணக்கு' என்று சொல்லி வைத்திருக்கிறானே, அந்த அக்காவாகவே இருந்துவிட ஆசைப்பட்டேன். வேறு காரணம் இல்லை. மே மாதக் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், எழுதாமலே இருந்துவிட்டேன்.

கடிதம் வந்து சேர ஏழு நாள் ஆனாலும் உனக்கு நாற்பத்தொன்பது நாள் இருந்திருக்கும். நான்கு பீப்பாயும் பதினேழு கிலோமீட்டரும். ஒரு நிமிடம் நின்றிருப்பாயா என்று எனக்குத் தெரியாது. அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஆறுதல் எழுதவும் வழியில்லை. உன் அப்பாவுக்கும் இதையே இன்று எழுதிவிட்டேன்.

பதில் எழுத வேண்டாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள். கயிற்றை விட்ட அந்த மூன்று விநாடியும் நீ சரியாகத்தான் நின்றாய். உன் காலுக்குக் கீழே அலை இல்லை. அது அன்று அந்த ஏரியில் இருந்த யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

உன்
அத்தை